சங்கு அண்ணனின் சனிக்கிழமை

சினிமா நடிகர்களுக்கு ரசிகர்கள் உண்டு. மேடைப் பேச்சாளர்களுக்கு உண்டு. ஏன், எங்கள் தெருமுனை டீ மாஸ்டருக்குக்கூட நாலு பேர் இருந்தார்கள். ஆனால் பாவசங்கீர்த்தனத்துக்கு ரசிகர்கள் வைத்திருந்த மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் இராஜபாளையத்துச் சங்கு அண்ணன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்களாகிய நாங்கள் செய்த பாவத்தைச் சாமியாரிடம் போய்ச் சொல்லி மன்னிப்பு வாங்குவோம். கோவிலின் ஓரத்தில் அதற்கென்று மரத்தில் ஒரு கூண்டு இருக்கும். அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்று பெயர். உள்ளே சாமியார் உட்கார்ந்திருப்பார். நாம் வெளியே முட்டிபோட்டு, வலைத்தட்டிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், என்ன பாவம், எத்தனை தடவை என்று காதோடு காதாகச் சொல்லவேண்டும். அதை முடித்தால்தான் மறுநாள் பூசையில் நற்கருணை வாங்கலாம். நாங்கள் அதை நன்மை வாங்குவது என்போம். எல்லாம் சரி. அந்தக் காதோடு காதாக என்ற இடத்தில்தான் எங்கள் அண்ணன் கோட்டைவிட்டார்.

அவர் பஞ்சாலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் பதினெட்டு வருஷம் நின்றவர். ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றும் இடம் அது. பக்கத்தில் நிற்பவனிடம் தண்ணீர் கேட்பதற்கு, ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்பவனைக் கூப்பிடுகிற மாதிரி கத்தவேண்டும். பழகியவர்கள் கத்தமாட்டார்கள். எதிராளியின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் படித்துவிடுவார்கள். அண்ணனுக்குக் கத்தவும் வரும், உதட்டைப் படிக்கவும் வரும். மெல்லப் பேசுவது மட்டும் மறந்துபோய்விட்டது.

ஷிப்ட் மாறும்போது மில்லில் ஊதுவதை எங்கள் ஊரில் சங்கு என்போம். ஒருநாள் அது ரிப்பேர். அண்ணன் மில் கேட்டில் நின்றுகொண்டு, “ஏலே, சோத்துவாளிய மறந்துட்டுப் போறியே!” என்று யாருக்கோ ஒரு குரல் விட்டார். அடுத்த ஷிப்ட்காரர்கள் பாதிப் பேர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து சைக்கிளை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சங்கு. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது கோவில் பதிவேட்டுக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், தன் குரல் பெரிது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. மில் இரைச்சலில் காது பாதி அவுட். பேசும்போது எதிரே நிற்பவர் முகத்தைச் சுளித்தால், “என்னலே, பல்வலியா? கிராம்பு வையி” என்று வைத்தியம் சொல்வார். அவர் மனைவி அன்னம்மா அக்கா பேண்டேஜ் துணி மடிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். “மெல்லப் பேசுங்க” என்று சொல்லிச் சொல்லிச் சலித்து, “அவிய பேச்சு அம்புட்டுதான், கர்த்தர் குடுத்தது” என்று விட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவர் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொட்டியில் முட்டிபோட்டால் என்ன ஆகும்? “சாமி, என்னை ஆசீர்வதியும்” என்று ஆரம்பிக்கும்போதே கூரையில் இருக்கும் புறாக்கள் இடம் மாறிவிடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் கடைசி பெஞ்சு வரைக்கும் தெளிவாகக் கேட்கும். அந்த நேரத்துக்குப் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த குடும்பங்களில், பக்தி திடீரென்று பெருகியது. வாரம் முழுக்கக் கோவில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள் எல்லாம் ஜெபமாலையை உருட்டியபடி முன்பெஞ்சில் இடம் போட்டார்கள். நான் அப்போது மில் டைம் ஆபீசில் கிளார்க். கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவனும் நான்தான். தூசி தட்டுகிறேன் பேர்வழி என்று சனிக்கிழமை தவறாமல் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த வருஷங்களில் இந்தியாவிலேயே சுத்தமான ஆர்மோனியம் எங்களுடையதுதான்.

அவர் என்ன சொன்னார் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். பெரிய பாவமா, சின்னப் பாவமா என்றுகூடச் சொல்லக்கூடாதாம். சாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டேன்.

அந்தச் சாமியார் எண்பதுகளின் கடைசியில் எங்கள் பங்குக்குப் புதிதாக வந்தவர். ஒல்லியான மனிதர், எப்போதும் சிரித்த முகம். முதல் சனிக்கிழமை அண்ணனுக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். வந்தவர் கோவில் நிறைய உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தார். நாங்கள் மேலே ஓடாத மின்விசிறியைப் பார்த்தோம். மறுநாள் பிரசங்கத்தில் யார் பெயரையும் சொல்லாமல் ஒரு போடு போட்டார்.

“பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதைச் சாமியார் செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது. அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. தற்செயலா அது யார் காதில் விழுந்தாலும், அவங்களுக்கும் அதே கட்டுப்பாடுதான். மூச்சு விடக்கூடாது. விட்டா பாவம்.”

கோவிலில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. எங்களுக்கு வாய்ப்பூட்டு விழுந்துவிட்டது. ஊருக்கே தெரிந்த விஷயம், ஒருவரும் பேசமுடியாது. இரண்டு பேர் குழாயடியில் சந்தித்தால் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், உடனே சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

சாமியாரும் அண்ணன் மனம் நோகாமல் என்னென்னவோ செய்து பார்த்தார். “பாவத்தையெல்லாம் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டு வாங்களேன்” என்றார். அண்ணன் எழுதிக்கொண்டு போய் வலைத்தட்டி வழியாக நீட்டினார். கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். சாமியார் ஒரு வரியைக் காட்டி, “இது என்னங்க?” என்று கேட்டுவிட்டார். அண்ணன் பேப்பரை வாங்கி, பாவம் சாமியாருக்குக் கண் சரியில்லை போலிருக்கிறது என்று, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்துக் காட்டினார்.

கிறிஸ்துமஸ் வந்தது. குடிலில் பனி வைக்கவேண்டும். இராஜபாளையத்தில் பனிக்கு எங்கே போக? கழிவுப் பஞ்சு கேட்டுச் சாமியார் மில்லுக்கு வந்தார். ரிங் பிரேமைக் கடந்து போகும்போது அந்த இரைச்சலைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. இங்கே இடி விழுந்தாலும் கேட்காதே! சங்கு அண்ணனைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, இங்கேயே சொல்லுங்கள் என்று சைகை செய்தார். அண்ணன் தலைப்பாகையை அவிழ்த்து, மீசையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, பக்தியோடு கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். பத்து நிமிஷம். சாமியார் காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டு, மன்னிப்புக் கொடுத்து, வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தார்.

நிமிர்ந்தால், இரண்டு பக்கமும் நாற்பது பேர் மெஷினை மறந்து அண்ணனின் உதட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு ஷிப்டே வாசித்து முடித்துவிட்டது. தெலுங்குக்காரரான சூப்பர்வைசர் ஓடிவந்து, “ஏமிரா இதி! நூல் பூரா அறுந்து கெடக்கு, என்னத்தப் பாத்துட்டு நிக்கிய?” என்று கத்தினார். அதையும் உதட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். கண்ணை மூடியிருந்த அண்ணனுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

மம்சாபுரத்திலிருந்து சைக்கிளில் வேலைக்கு வரும் மாடசாமி சாமியாரின் பின்னாலேயே கேட் வரை வந்தான். அவன் அண்ணனுக்குப் பக்கத்து மெஷின்காரன்.

“சாமி, கேட்டவுக வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒரு ரூல் இருக்காமே. எங்காளுகளுக்கும் அது உண்டா? நாங்க கேக்கல, பாத்தோம்.”

“பாத்தாலும் உண்டு மாடசாமி.”

“அப்பச் சரி. எங்க அய்யனார் மேல சத்தியம், ஒருத்தனும் வாயத் திறக்கமாட்டான்” என்றான். சொன்னபடியே அவர்கள் ஒருவரும் திறக்கவில்லை. திறந்தவன் ஒருவன்தான். கோவிலில் ஆர்மோனியம் வாசித்த மகானுபாவன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருத்தரைக் கெடுத்தேன். ஒருநாள் மில் கேண்டீனில் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏலே, ஒங்கிட்ட ஒரு ரகசியம் சொல்லுதேன். ஒருத்தருக்கும் தெரியாது பாத்துக்க.”

கேண்டீனே திரும்பிப் பார்த்தது. எனக்கு வந்த கொழுப்பைப் பாருங்கள். “தெரியும்ணே. போன சனிக்கிழமையே கேட்டாச்சு” என்றேன்.

அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “சாமியா சொன்னாவ?”

“சாமி எதுக்குச் சொல்லுதாவ? நீங்கதான சொன்னிய. ஆர்மோனியம் வரைக்கும் கேட்டுச்சு.”

“எம்புட்டு நாளாலே?”

“நான் கோவிலுக்கு வார நாளா.”

டம்ளரைக் கீழே வைத்தார். என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. “என்னண்ணே?” என்று கேட்டேன். சங்கு அண்ணன் பேசி எனக்குக் கேட்காமல் போனது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பச் சொல்லவில்லை, எழுந்து போய்விட்டார். டீ அப்படியே இருந்தது. என் கன்னத்தில் நானே இரண்டு அறை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தொட்டிப் பக்கமே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார். எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது அவர் மட்டும் தூணோடு தூணாக நிற்பார். பாட்டுப் பாடுவதையும் விட்டுவிட்டார். அவர் பாடாமல் எங்கள் பாடகர் குழு முதன்முறையாகச் சுதியோடு பாடியது. கேட்கச் சகிக்கவில்லை.

நான் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். என்னுடையதை நானே சொல்வதற்குத் தடை கிடையாது. எல்லாவற்றையும் கொட்டினேன்.

“பத்து அருள்நிறை மரியே ஜெபம் சொன்னா இது தீராது தம்பி. நீ கெடுத்தே, நீயே சரி பண்ணு. அதுதான் உனக்கு அபராதம்.”

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த அபராதத்தை என்னால் தீர்க்க முடியவில்லை. அதற்குள் அண்ணனின் மகள் ரோஸிக்குப் புதுநன்மை வந்தது. பிள்ளைகள் முதல்முதலாக நன்மை வாங்கும் நாள். எங்கள் பங்கில் ஒரு வழக்கம், வெள்ளை உடுப்பில் பிள்ளை நடுவில் முட்டிபோடும், அப்பாவும் அம்மாவும் இரண்டு பக்கமும் முட்டிபோட்டு அதோடு சேர்ந்து நன்மை வாங்குவார்கள். முதல்நாள் சனிக்கிழமை பிள்ளைகள் முதல் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது பெற்றோரும் பின்னால் வரிசையில் நிற்பார்கள். அண்ணன் நின்றால்தான் மறுநாள் மகளோடு நன்மை வாங்க முடியும்.

அன்னம்மா அக்கா என்னை மார்க்கெட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே ஆர்மோனியம், நீ வெளங்குவியா? அந்தப் பிள்ள ராத்திரி பகலா அழுவுது. ‘எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு பக்கமும் ஆளு இருக்கும், எனக்கு ஒரு பக்கம் வெறுசா இருக்குமாம்மா’ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல?”

“சாமி தனியாக் கூட்டிட்டுப் போயி கேக்கேன்னு சொன்னாவளே அக்கா.”

“அதுக்கு அவிய என்ன சொன்னாவ தெரியுமா? ‘எம்மக தொட்டியில முட்டிபோடுதா, நான் மட்டும் காட்டுக்குள்ள ஒளிஞ்சு நின்னு சொல்லணுமா? நான் என்ன கொலையா பண்ணுனேன்’னு கேக்காவ.”

நியாயம்தானே. கடைசியில் நானே கெஞ்சிக் கூத்தாடி, தெரியாத ஊரில் போய்ச் செய்துவிட்டு வந்துவிடுங்கள் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மூன்று மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் பால்கோவா.

“என்னண்ணே, முடிஞ்சுச்சா?”

“எங்கலே முடிய? கோவிலுக்குள்ள எட்டிப் பாத்தா, வரிசையில நம்ம மில்லு ஆளுக மூணு பேரு நிக்கான். நம்ம ஊருல தெரியக்கூடாதுன்னு அவனுவ அங்க வந்து நிக்கான். என்னப் பாத்ததும் மூணு பேரும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான். சரின்னு வந்துட்டேன். இந்தா, பிள்ளைக்குன்னு வாங்குனேன், நீயும் ஒரு வாய் போட்டுக்க.”

என்மேல் அவருக்குக் கோபமே இல்லை. அந்தப் பால்கோவாவை முழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்குத்தான் எனக்கு மூளை வேலை செய்தது. அண்ணன் குரலைக் குறைக்க முடியாது. சரி, மற்ற சத்தத்தைக் கூட்டலாமே! அண்ணன் லீவு போட்ட ஒரு நாளாகப் பார்த்து, ரிங் பிரேமுக்குள் போய் உதட்டாலேயே எல்லோரிடமும் பேசினேன். ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? நாற்பது உதடுகள் சரி என்றன.

சனிக்கிழமை சாயங்காலம் கோவில் நிறைந்துவிட்டது. பிள்ளைகள் வரிசை முடிந்து, ரோஸி போய் முட்டிபோட்டு எழுந்து வந்து அம்மா பக்கத்தில் நின்றாள். அடுத்தது அண்ணன். இரண்டு எட்டு வைத்தார். நின்றார். திரும்பிக் கோவிலைப் பார்த்தார். அத்தனை கண்களும் அவர்மேல்தான். மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

ரோஸி, “அப்பா...” என்றாள்.

நான் ஆர்மோனியத் துருத்தியை ஒரு அமுக்கு அமுக்கினேன். “அருள்நிறை மரியே வாழ்க!” என்று ஒரு கத்து. மில்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து, ரிங் பிரேம் ஓடும்போது பேசுகிற குரலில் ஜெபமாலையைத் தொடங்கினார்கள். ஓடு அதிர்ந்தது. ஜெபம் தெரியாத மாடசாமி கோபுரத்துக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினான். தெருவில் போனவர்கள் தீப்பிடித்துவிட்டதோ என்று வாளியோடு ஓடிவந்தார்கள். வந்தவர்களுக்கும் ஆளுக்கொரு ஜெபமாலையைக் கொடுத்து உட்காரவைத்தோம்.

அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எங்கள் உதட்டைப் படித்தார். ஜெபத்துக்கு நடுவே மில்காரர்கள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து, போங்கண்ணே, போங்கண்ணே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேல்துண்டால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். விறுவிறுவென்று நடந்து போய்த் தொட்டியில் முட்டிபோட்டார்.

ஒரு வருஷத்துப் பாக்கி அல்லவா, லேசில் முடியவில்லை. ஜெபமாலையில் முதல் பத்து மணிகள் உருண்டு முடிந்தன, இரண்டாவது பத்து முடிந்தது, ஐந்து பத்தும் முடிந்தது. எங்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணனின் முதுகு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் அது நடந்தது. பிதாவுக்கும் சுதனுக்கும் என்ற முடிப்பு ஜெபத்தைச் சொல்லி முடித்து, கோவில் மொத்தமும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கியது. அதே நொடியில் மாடசாமி கையில் எச்சிலைத் துப்பிக்கொள்ளக் கயிற்றை விட்டான். நான் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதில் சங்கு அண்ணனின் ஒரே ஒரு வாக்கியம், முழுசாக, அட்சரம் பிசகாமல், கணீரென்று கோவிலெங்கும் ஒலித்தது.

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. அடுத்த விநாடி முன்னைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் மறுபடியும் பிடித்துக்கொண்டோம்.

அண்ணன் எழுந்து வந்தார். நேராக என்னிடம்தான் வந்தார்.

“ஏலே, கேட்டுச்சாலே?”

“என்னது?”

“நான் சொன்னது.”

“இந்தச் சத்தத்துலயா? ஒண்ணும் கேக்கலண்ணே.”

அவர் சுற்றிலும் பார்த்தார். “ஒண்ணும் கேக்கலியே!” என்றது கோவில் மொத்தமும். அன்னம்மா அக்கா, “எனக்கு என் சத்தமே கேக்கல” என்றார். தொட்டிக்குள் சாமியாரின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் பூசையில் ரோஸிக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. சாமியார் நன்மையை நீட்டி, “கிறிஸ்துவின் உடல்” என்றார். அண்ணன், “ஆமென்!” என்றார். புறாக்கள் ஒரு வருஷத்துக்குப் பிறகு பறந்தன. அடுத்தது ரோஸி. எட்டு வயசுப் பிள்ளை வாயைத் திறந்து ஒரு “ஆமென்!” போட்டாள் பாருங்கள், அப்பனை அடித்துச் சாப்பிட்டுவிட்டாள். போட்டோகிராபர் கையிலிருந்த பிளாஷ் தானாக வெட்டியது என்று ஊரில் இன்றும் சொல்வார்கள்.

அடுத்த சனிக்கிழமை வரிசை கோவில் கேட்டைத் தாண்டி நின்றது. மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. ஆளுக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று என்பதை மட்டும் சொல்லலாம். என் முறை வந்து, “ஒரு பொய் சொன்னேன் சாமி, ஒரு தடவை” என்று நான் ஆரம்பிப்பதற்குள் உள்ளே சிரிப்புச் சத்தம் வந்துவிட்டது. மாடசாமி எங்களோடு நிற்கவில்லை. “நான் புரட்டாசி சனிக்கு நம்ம வில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு ஏறிப் பெருமாள்கிட்டச் சொல்லிக்கிடுதேன்” என்றான். ஏறிச் சொல்லிவிட்டும் வந்தான்.

அந்த வாக்கியம் என்ன என்று இன்றுவரை ஒருவர்கூட வெளியே விட்டதில்லை. நான் என் மனைவியிடமும் சொன்னதில்லை. அவளும் அன்று பாடகர் குழுவில்தான் நின்றாள், அவளும் என்னிடம் சொன்னதில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஒரு ஊர் முழுக்க ஒரு மனிதருக்காக வாயை மூடிக்கொண்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கண் கலங்கும்.

அண்ணன் இப்போது ஓய்வில் இருக்கிறார். நான் மதுரைக்கு வந்துவிட்டேன். இந்தப் பத்திரிகை அவர் வீட்டுக்கும் போகும். டீச்சராக இருக்கும் ரோஸி இதை அவருக்கு வாசித்துக் காட்டுவாள், தெருவுக்கே கேட்கும். முடித்த கையோடு எனக்குப் போன் வரும். “ஏலே, அப்ப அன்னைக்குக் கேட்டுச்சாலே?” என்பார். ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “இல்லண்ணே, ஒண்ணும் கேக்கல. சும்மா கதைக்கு எழுதுனேன்” என்று சொல்லிவிடுவேன்.

பிறகு சனிக்கிழமை போய் வரிசையில் நின்றுகொள்கிறேன்.